குடையின் உட்பக்கம்

சிரிச்சவங்க எந்திச்சுப் போயிருவாங்க குத்தாலம், சிரிப்பு மட்டும்... அதற்கப்புறம், என்னைக் குத்தாலம் என்றே கூப்பிட்ட அத்தை என்ன சொன்னாள்? அங்கனயே உக்காந்திருக்கும் என்றாளா, கூடவே வரும் என்றாளா, வேறு ஏதாவதா. திருநெல்வேலி ஜங்ஷன், முதல் பிளாட்பாரம், நான் லண்டனுக்குக் கிளம்பிச் சென்னை வண்டி ஏறிய சாயங்காலம், இரண்டாயிரமாவது வருஷம். முழுதாகத்தான் சொன்னாள், முழுதாகத்தான் கேட்டேன், லண்டனில் முதல் இரண்டு குளிர்காலம் வரைக்கும் அந்த வாக்கியம் முழுதாக என்னிடம் இருந்தது. அப்புறம் எங்கேயோ நழுவவிட்டேன். இப்போது வடபழனியில், இருபத்தாறு இருக்கை உள்ள ஒரு பிரிவியூ தியேட்டரில், காலை பத்தே முக்காலுக்கு, ஏசி குளிருக்குக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி அந்த மிச்சப் பாதியைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். மடியில் ஒரு அட்டை, அதில் செருகிய ஒரு படிவம். படத்தின் முடிவில் என் அத்தை பிரமாச்சியின் புகைப்படத்தையும் அதன்கீழ் இரண்டு வரியையும் போட்டுக்கொள்ள எனக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்திட வேண்டும். இவர்தான் நிஜ நளினி. குடையை மறந்துவிட்டுப் போனவரையே கைப்பிடித்தவர். அவ்வளவுதான் வரிகள். படம் முடிஞ்சு லைட் போடறப்போ குடுத்தா போதும் நாதன் சார், என்று தாரிணி சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். அவள்தான் இயக்குநர். என் அப்பா சிந்துபூந்துறையான் என்ற பெயரில் அறுபத்தாறில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக எழுதிய, நளினி கதாநாயகியாக வரும் 'குடை மறந்த மாப்பிள்ளை'யைப் பன்னிரண்டு வயதில் படித்துவிட்டு, இதைப் படமாக எடுக்காமல் சாகக் கூடாது என்று முடிவுசெய்தவள். நான் அந்த நாவலின் வாரிசு, இந்தப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவனும் நான்தான். அத்தைக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. அது எனக்குத் தெரியும், தாரிணிக்குத் தெரியாது. மூன்று மாதம் முன்பு அவள் ஒரு பழைய பத்திரிகைப் பேட்டியைக் காட்டி, உங்க அத்தை அவரோட சந்தோஷமாத்தானே சார் இருந்தாங்க, என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன்.

விளக்கு அணைகிறது. மழை. எங்கள் வீடு மாதிரி ஒரு வீடு, எங்கள் வீட்டைவிட நல்ல வீடு, தூண்களில் புது வார்னிஷ். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பாடத் தெரியுமா என்று கேட்கிறாள். நளினியாக நடிக்கிற பெண் தலையை நிமிர்த்தாமலே, பாட்டு வராது, பதில் வரும், என்கிறாள். முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அரை நொடி முந்தி யாரோ சிரித்தார்கள், எனக்குப் பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் யாருமில்லை, மடக்கிய இருக்கைகள்தான். ஸ்பீக்கர் எதிரொலியாக இருக்கும். வசனம் முன்பே தெரிந்தவர்கள்தான் அப்படி முந்திச் சிரிப்பார்கள். அந்த வரி அப்பாவுடையது இல்லை. அது அத்தை நிஜமாகவே சொன்னது, அறுபத்தைந்து ஐப்பசியில், அம்பாசமுத்திரத்திலிருந்து சிவசைலம் என்கிற மின்வாரிய இன்ஜினீயர் அம்மாவோடும் மாமாவோடும் வந்து உட்கார்ந்திருந்தபோது. எல்லோரும் சிரித்தார்களாம், அவர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தாராம், பிறகு குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாராம். மறுநாள் குடையை எடுக்கத் தனியாக வந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் அத்தைதான். குடையத்தான் மறந்தீங்களா, இல்ல வந்த வழியவேவா? பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போகும்போதும் குடையை எடுத்துக்கொள்ளவில்லை. தெருவே பார்த்தது. தை பொறக்கட்டும், நல்ல சேதியாச் சொல்லி அனுப்புதோம், என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது கார்த்திகைக் கடைசியில். மார்கழி முழுக்க வீட்டில் அந்தக் குடை. அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு, சிரிப்பு வந்தால் அப்பாவுக்குக் கை அரிக்கும், கை அரித்தால் எழுதுவார்.

லண்டனில் எனக்கு இந்தச் சப்டைட்டில்தான் வேலையாக இருந்தது, இருபத்திரண்டு வருஷம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பழைய காதல் நகைச்சுவை நாவல் ஒன்றைத் திரும்பப் படமெடுக்காவிட்டால் ஆகாது. அதே ஈரப் புல்வெளி, அதே குதிரை வண்டி, வாயாடிப் பெண்ணும் கல்லுளிமங்கன் ஆணும், ஒன்றரை மணி நேரம் சண்டை, கடைசியில் தேவாலய மணி. காது கேளாதவர்களுக்காக நான் அவற்றுக்கு எழுத்துப் போடுவேன். ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி. பாத்திரம் வாய் திறக்குமுன் பதில் திரையில் வந்துவிடக் கூடாது, வந்தால் சிரிப்பு செத்துவிடும். மழை பெய்தால் மழை என்று போட வேண்டும், கூட்டம் சிரித்தால் சிரிப்பு என்று போட வேண்டும், யார் சிரித்தார்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று போட இடம் கிடையாது. முதல் வாரம் என் மேலதிகாரி, உனக்கு இது எங்கேயிருந்து வந்தது, என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பிரதி எடுப்பார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அப்பாவின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அச்சகத்தில் யாராலும் படிக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தையும் திங்கள் ராத்திரிக்குள் அவர் எழுதி முடிக்க, செவ்வாய் பகலில் அத்தை முத்து முத்தாகப் பிரதி எடுப்பாள். சாயங்காலம் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் ஆபீசில் தாமதக் கட்டண ஸ்டாம்பு ஒட்டி மெயில் வண்டியில் போட்டுவிட வேண்டும், தவறினால் அந்த வாரம் தொடர் இல்லை. சென்னையில் அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர்களுக்கு அவள் கையெழுத்துதான் சிந்துபூந்துறையானின் கையெழுத்து. பிரதி எடுக்கிறபோது நளினி பேசுகிற இடமெல்லாம் மாறிவிடும். அப்பா அச்சில் பார்த்துவிட்டு, இத நானா எழுதுனேன் பிரமு, என்பாராம். பின்னே நானா அண்ணாச்சி, என்பாளாம் அவள்.

முதல் அத்தியாயத்தையும் தெரிந்தேதான் பிரதி எடுத்தாளா? இதில்தான் ஒவ்வொரு முறையும் வந்து சிக்கிக்கொள்கிறேன். முதல் அத்தியாயம் பொங்கல் மலரில் வந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் குடையை மறந்த இன்ஜினீயர், பாட்டுக் கேட்கிற மாமியார், மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை, எதையும் அப்பா மாற்றவில்லை. பெயரை மட்டும் மாற்றினார், சிவசைலத்தை சேகர் ஆக்கினார், அது போதும் என்று நினைத்தார். தை பிறந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது நல்ல சேதி இல்லை, பத்திரிகைதான், பக்கத்தை மடித்து, மேலே ஒரு வரி எழுதி: எங்கள் பையனை ஊர் சிரிக்க வைத்தமைக்கு நன்றி. அப்பா அதிர்ந்துபோய் தொடரை நிறுத்திவிடுகிறேன் என்றாராம். வேண்டாம் என்று சொன்னது அத்தை. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் தைரியமாகக் கேட்டேன், மொத அத்தியாயத்த ஏன் பிரதி எடுத்துக் குடுத்த, அதுக்கப்புறமும் ஏன் எடுத்த? அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. அம்பாசமுத்திரத்துக்கும் அந்தப் பத்திரிகை போகும்லா, என்றாள். அவ்வளவுதான். அது எனக்குப் புரியப் பதினைந்து வருஷம் ஆயிற்று, ஒரு பேருந்தில், டிசம்பர் மழையில், லண்டனில். முப்பது வாரம் அவள் எழுதியது அவருக்கு. ஊரெல்லாம் நாவல் படித்தது, அவள் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பதாவது வாரம் ஆவணி முகூர்த்தத்தில் சிவசைலத்துக்குத் தென்காசியில் கல்யாணம் ஆயிற்று. கடைசி அத்தியாயத்துக்கு என் கை வராது அண்ணாச்சி, என்றாளாம் அத்தை. அப்பா தானே எழுதி தானே போட்டார். நளினிக்கும் சேகருக்கும் கல்யாணம். கம்பாசிட்டர்கள் அந்தக் கோழிக்கிளறலைப் படிக்க முடியாமல் தவித்து, அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் நாற்பத்துமூன்று அச்சுப்பிழை. கம்பாசிட்டர் கல்யாணச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டாரோ, என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். அதையும் பிரசுரித்தார்கள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பாதியில் டீக்காக நிறுத்தினார்கள். கண் கூசியது. எடிட்டர் மோசஸ் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே, உங்கப்பா பயங்கரக் குசும்பு சார், அந்த வழியவே மறந்தீங்களா டயலாக்க நான் நாலு தடவ கட் பண்ணி நாலு தடவ திரும்ப வச்சேன், என்றார். அது அப்பா இல்லை என்று வாய் வரை வந்தது, பஜ்ஜியை வைத்து அடைத்துக்கொண்டேன். தாரிணி வந்து எதிரே நின்றாள். "என்ன சார், ஒரு தடவகூடச் சிரிக்கல நீங்க? சப்டைட்டில் போடறவங்க சிரிக்கக் கூடாதுன்னு சங்கத்துல சட்டமா?" "எழுத்த எண்ணிக்கிட்டு இருந்தேன்மா." "சரி சரி, எண்ணுங்க. கடைசில அத்தை ஃபோட்டோ வரும் பாருங்க, அப்ப அழுதுருவீங்க. நான் எடிட்டிங்ல ரெண்டு தடவ அழுதாச்சு. இவர் கிண்டல் பண்ணாரு." "நானும் அழுதது தெரியக் கூடாதுன்னுதான் கிண்டல் பண்ணேன்," என்றார் மோசஸ். நல்ல பிள்ளைகள். பொய் சொல்கிறவர்கள் யாரும் இல்லை இங்கே, என்னைத் தவிர. சார், பேனா இருக்குல்ல உங்ககிட்ட, என்று கேட்டுவிட்டுப் போனாள். இருக்கிறது, சட்டைப்பையில், நெஞ்சில் குத்திக்கொண்டு.

அந்த ஃபோட்டோ எடுத்த அன்று எனக்கு எட்டு வயது. பத்திரிகையின் வெள்ளிவிழா மலருக்காகச் சென்னையிலிருந்து ஒரு நிருபரும் ஒரு புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். நளினி நிஜமா சார், என்று நிருபர் கேட்டதும் அப்பா உற்சாகத்தில் உள்ளே திரும்பி, பிரமு, இங்க வா, என்று கூப்பிட்டார். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அதுவரை அப்பா பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். நிருபர்தான், அந்த மாப்பிள்ளை எங்கே சார், என்று கேட்டார். அப்பா, அவர் ஜோலியா தூத்துக்குடி வரைக்கும் போயிருக்கார், என்றார். அத்தை என்னைப் பார்த்தாள், அப்பாவை அல்ல, என்னை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை. நான் ஏதாவது சொல்வேன் என்று பயந்தாளா, சொல்ல மாட்டேனா என்று பார்த்தாளா? குடையோட ஒண்ணு எடுத்துருவோம்மா, என்றார் புகைப்படக்காரர். அது இல்லை, தொலைஞ்சு போச்சு, என்றாள். அடுத்த வீட்டுக் குடையை வாங்கிவந்து கையில் கொடுத்தார்கள். கொஞ்சம் சிரிங்கம்மா. எல்லாரும்தான் சிரிச்சாச்சே, இன்னும் நான் வேறயா, என்றாள், அதற்கும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில் க்ளிக். கடைசியில் ஆஸ்பத்திரியில் அப்பா மூக்குக் குழாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், பிரமுக்கு நான் கல்யாணம் பண்ணி வச்சேன்லா, ஊரறியப் பண்ணி வச்சேன்லா. ஆமாப்பா என்றேன். அத்தை கட்டில் கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள். அதற்கு ஐந்து வருஷம் கழித்து அவள் செத்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்தது. பழைய நாவல் ஒன்றின் படம் அந்த வாரம் ஒளிபரப்பாக வேண்டியிருந்தது, இரண்டு கல்யாணத்தில் முடிகிற படம்.

இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பதாவது அத்தியாயம், அத்தை கையால் எழுதின கடைசி அத்தியாயம். வீட்டில் யாரும் இல்லாதபோது நளினி அந்தக் குடையை எடுத்து முற்றத்து மழையில் விரித்துக்கொண்டு நிற்பாள், சேகர் வாசல்வழியாகப் பார்த்துவிடுவான். நாவலில் ஊரே சிரித்த இடம். திரையில் நடிகையின் கையில் இருப்பது நிஜக் குடை. போன வருஷம் ஊர் வீட்டைத் திறந்தபோது அத்தையின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, தலையணை உறையில் சுற்றி. பழைய காலத்துக் குடை ஏதாவது கிடைக்குமா சார் என்று படத்தின் ஆட்கள் கேட்டார்கள். உறையோடு எடுத்துக் கொடுத்தேன். நான் அதை விரித்ததில்லை. ஏழு வயதில் ஒருமுறை கிரிக்கெட் ஸ்டம்புக்கு எடுத்துப்போய் அத்தையிடம் அறை வாங்கினேன், அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான், அதற்கப்புறம் அது எனக்குக் குடையே இல்லை, ஆணியில் மாட்டிய ஏதோ ஒன்று. இப்போது அந்தப் பெண் விரலால் விசையை நெட்டுகிறாள். வேண்டாம் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். குடை விரிகிறது, திரை முழுக்க விரிகிறது, கேமரா அதன் உள்ளே போய் மேலே பார்க்கிறது, கறுப்புத் துணி, கம்பிகள், துணிமேல் விழும் மழையின் சத்தம். தையல். கம்பி ஓரம் முழுக்கத் தையல். பொடிப் பொடியாக, அவள் எழுத்து மாதிரியே, பழைய நூல் பழுப்பேறி, அதன்மேல் புது நூல், கிழிந்து கிழிந்து தைத்த இடங்கள். நடுவில் ஒரு ஒட்டு. கறுப்பில்லை, நீலம். வெள்ளைக்கோடு ஓடிய நீல நைலான். என் குடை. கல்லூரிக்குக் கொண்டுபோன மடக்குக் குடை, கம்பி ஒடிந்ததென்று லண்டன் கிளம்புகிற அன்று வீட்டில் போட்டுவிட்டுப் போனது.

அப்படியானால் நான் போன பிறகு. அப்படியானால் ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகும் அவள் அதைத் தைத்திருக்கிறாள். ஆணியில் தொங்குகிற குடை எப்படிக் கிழியும்? கரப்பான் அரிக்கும், எலி கடிக்கும், மடிப்பில் தானே இற்றுப்போகும். அப்படி இற்றுப்போகப் போக, வருகிறவர் வந்தால் கொடுப்பதற்காகத் தைத்துத் தைத்து வைத்தாளா, நாற்பது வருஷம், தென்காசியில் அவருக்குப் பேரன் பிறந்த பிறகும்? இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாளா? அப்பா பள்ளிக்கூடம் போன நாட்களிலும் நான் லண்டன் போன பிறகும், ஐப்பசி மழையில், தெருக்கோடி நூலகத்துக்கோ ஆற்றங்கரைக்கோ, இது என் குடை என்று, யாருக்காகவும் காத்திராமல்? மழையில் நடந்தால்தான் அப்படிக் கம்பி ஓரம் கிழியும். கரப்பான் அரித்தாலும் கம்பி ஓரம்தான் முதலில் போகும். இரண்டும் இருக்கலாம். ஒரு வருஷம் காத்திருந்து ஒரு வருஷம் நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. கூடவே ஒரே வீட்டில் இருபத்துநான்கு வருஷம் இருந்தேன், தெரியாது. கைப்பிடித்தவர் என்று போடச்சொல்லி இவர்கள் கேட்கிறார்கள், அவள் பிடித்த கைப்பிடி எதுவென்றே எனக்குத் தெரியாது. முன்வரிசை சிரித்தது, சேகர் வழுக்கி விழுகிறான். பின்னாலிருந்து எந்தச் சிரிப்பும் வரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். ஏசிச் சத்தம். திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது, யாராவது இருந்துவிடுவார்கள் என்று முதலில் பயந்தேன், இல்லாமல் எழுந்து போயிருப்பார்கள் என்று பிறகு பயந்தேன்.

கடைசிப் பதினொரு நிமிடம் கல்யாணம். நாதஸ்வரம், பூ, குடையைச் சீர்வரிசைத் தட்டில் வைத்துக் கொண்டுவருகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பாவின் பேனாவில் வந்த வரிகள் எனக்குத் தனியாகத் தெரிகின்றன, நளினி திடீரென்று எல்லோரையும்போலப் பேச ஆரம்பிக்கிறாள், வெட்கப்படுகிறாள், பதில் வரவில்லை அவளுக்கு. பிறகு கறுப்புத் திரை, நடுவில் ஒரு வெற்றுச் சதுரம், ஃபோட்டோ வருகிற இடம். விளக்கு.

தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். "எப்படி சார்? அந்தக் குடை ஷாட் பாத்தீங்களா? தையலெல்லாம் நாங்க பண்ணல, அதுலயே இருந்தது. அந்த நீல ஒட்டு மட்டும் அறுபத்தாறுக்குச் செட்டாகாது, நைலான். கலர் பண்ணும்போது கறுப்பாக்கிடறோம், கவலப்படாதீங்க."

"கறுப்பாக்காதீங்க."

"சார்?"

"அது எங்க அத்தை தச்சது."

"ஐயோ, நிஜமாவா! அப்ப கண்டிப்பா வைக்கறோம்." அவள் கை படிவத்துக்காக நீண்டிருந்தது. "அப்புறம் ஒரே ஒரு டவுட் சார். உங்க மாமா, அத்தையோட ஹஸ்பண்ட், எந்த வருஷம் தவறினார்? கீழ ரெண்டு பேரோட வருஷத்தையும் போடலாம்னு மோசஸ் சொல்றாரு."

"எங்க அத்தைக்குக் கல்யாணம் ஆகலம்மா."

கீழே நின்றிருந்த மோசஸ், சிரிக்கப் போனவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க அன்னைக்குத் தல ஆட்டினீங்களே சார்."

"ஆட்டினேன்."

அவள் பக்கத்து இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் பேட்டி... அப்ப கடைசி சீன்? அதை நான் என்ன சார் பண்றது இப்ப? படம் முடிஞ்சுபோச்சே."

"படம் அப்படியே இருக்கட்டும். நாவல்ல அப்படித்தானே இருக்கு."

"அப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அட்டையோடு அவளிடம் கொடுத்தேன். அத்தையின் ஃபோட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கடைசிப் பதினொரு நிமிடத்துக்கு நான் சப்டைட்டில் எழுதவில்லை, எனக்கும் கை வரவில்லை.